அடி தாங்கும் கான்கிரீட்: தரம் பாதி, இழை மீதி

திருநெல்வேலிச் சீமையில் கல் கிரஷர் வைத்திருப்பவரோ, புதிதாக இரும்புப் பட்டறை போடுபவரோ தரைக்குக் கான்கிரீட் போட வரும்போது பெரும்பாலும் கேட்பது இதுதான்: "எம் 40 போட்டுட்டா உடையாதுல்லா அண்ணாச்சி?"

எம் 40 என்பது கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் தரம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. டிப்பர் தொட்டியைத் தூக்கிப் பாறையைக் கொட்டுகிற இடத்தில் சாதாரணத் தரை சீக்கிரமே பெயர்ந்துவிடும். அதைப் பார்த்தவர்களுக்கு "அடுத்த தடவை இன்னும் ஸ்ட்ராங்கா போடுவோம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கான்கிரீட்டின் தரத்தைக் கூட்டினால் முதல் விரிசல் விழுவதுதான் தள்ளிப்போகும். விழுந்த விரிசல் அகலுமா, துண்டு துண்டாகப் பெயருமா என்பது தனிக் கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஃபைபர் என்று சைட்டில் சொல்லப்படும் இழைகள் வருகின்றன. தரம், இழை இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன என்பது புரிந்துவிட்டால், எந்த இடத்துக்கு எதில் பணம் போடலாம் என்று நீங்களே முடிவெடுக்க முடியும்.

முதலில் தரம். எம் 25 என்றால், 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டி ஒன்றை வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, மெஷினில் வைத்து நசுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வரை தாங்க வேண்டும். கையடக்கமான அந்த ஒரு கட்டிக்கு இது சுமார் 57 டன். கேட்கவே பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்த மெஷின் சுமையை நிதானமாக ஏற்றுகிறது, அதுவும் ஒரே திசையில் அமுக்குகிறது. அமுக்குவதைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு நிகர் குறைவு. இழுத்தால் நிலைமை தலைகீழ்: அமுக்கத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுவையில் தாங்கும்.

தரத்தை ஏற்றினால் இழுவை வலிமையும் அதே விகிதத்தில் ஏறாதா? ஏறாது. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456, வளைக்கும்போது வரும் இழுவை வலிமையைத் தரத்தின் வர்க்கமூலத்தோடு இணைக்கிறது: 0.7 பெருக்கல் வர்க்கமூலம். எம் 25-க்கு அது 3.5 நியூட்டன். தரத்தை இரட்டிப்பாக்கி எம் 50-க்குப் போனால் 4.95 தான். சிமெண்ட்டுக்கும் கலவைக்கும் அவ்வளவு செலவு செய்து, இழுவையில் கிடைப்பது 1.4 மடங்கு.

இழுவையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், அடி வாங்கும் கான்கிரீட் பெரும்பாலும் இழுவையில்தான் உடைகிறது.

அடி விழும்போது உள்ளே நடப்பது

10 கிலோ இரும்புத் துண்டு ஒன்று ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுகிறது என்று வையுங்கள். அது சுமந்து வரும் சக்தி சுமார் 147 ஜூல். தரை அதை ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்திவிட்டால், அந்த நேரத்தில் தரையில் இறங்கும் சராசரி விசை ஏறக்குறைய 15 டன். மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் 5 டன்னாகக் குறைகிறது. எடை அதே 10 கிலோதான். நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் வித்தியாசம். ஆகவே அடியைப் பொறுத்தவரை "எத்தனை டன் தாங்கும்" என்பது அரைக் கேள்வி. "எவ்வளவு சக்தியை விழுங்கும்" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கொஞ்சம் நெளிந்து, கொஞ்சம் விரிந்து, அப்படியும் பிரியாமல் நிற்கும் பொருள் அதிகச் சக்தியை விழுங்கும். விறைப்பாக நின்று ஒரே நொடியில் பிளக்கும் பொருள் குறைவாகத்தான் விழுங்கும்.

இன்னொரு சங்கதி, இது எனக்கு மிகவும் பிடித்தது. குழாய் போடுவதற்குச் சுவரில் உளி வைத்து அடிக்கும்போது, அடிக்கும் பக்கம் சின்னக் குழிதான் விழுந்திருக்கும், மறுபக்கம் பெரிய சில்லாகப் பெயர்ந்து விழும். பார்க்காதவர் குறைவு. அடி விழுந்ததும் ஓர் அமுக்க அலை கான்கிரீட்டுக்குள் ஓடுகிறது. நல்ல கான்கிரீட்டில் அதன் வேகம் நொடிக்கு 4,000 மீட்டர் அளவில் இருக்கும். 20 சென்டிமீட்டர் தடிமனை அது கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் அங்கே அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, காற்றுதான் இருக்கிறது. எனவே அலை திரும்புகிறது, திரும்பும்போது இழுவை அலையாக மாறிவிடுகிறது. அமுக்கத்தில் வந்தபோது பொறுத்துக்கொண்ட கான்கிரீட், அதே அலை இழுவையாகத் திரும்பும்போது கிழிகிறது. அடித்த இடத்தில் குழி, அடி விழாத பக்கத்தில் சில்லு. கம்பி கட்டிய ஸ்லாப் ஆனாலும் கம்பிக்கு வெளியே இருக்கும் மூடு கான்கிரீட் இப்படித்தான் உதிர்கிறது, ஏனென்றால் கம்பி இருப்பது ஒரு மட்டத்தில், சில்லு கிளம்புவது அதற்கு வெளியே.

இந்தப் பின்பக்கச் சில்லுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சுவர் துளைபடாமல் நின்றிருக்கலாம், ஆனால் பின்னால் நிற்கும் ஆளையும் இயந்திரத்தையும் காயப்படுத்துவது அந்தச் சில்லுதான்.

சரி, உயர் தரக் கான்கிரீட்டால் பயனே இல்லையா? இருக்கிறது. கூர்மையான, கடினமான பொருள் வந்து குத்தும்போது எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தரம் குறைக்கும். மேற்பரப்பு தேய்வதையும் குறைக்கும். ஆனால் இங்கேயும் தரம் இரட்டிப்பானால் குழியின் ஆழம் பாதியாகிவிடாது, அதைவிடக் குறைவாகவே குறையும். இன்னொரு நல்ல குணமும் கான்கிரீட்டுக்கு உண்டு. மெதுவாக இழுத்தால் தாங்குவதைவிட வேகமாக இழுத்தால் அதிகம் தாங்கும். மெதுவான சுமையில் விரிசலுக்கு, எங்கே பலவீனம் என்று தேடிப் போக அவகாசம் இருக்கிறது. அதாவது ஜல்லியைச் சுற்றி, ஜல்லிக்கும் சிமெண்ட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய பகுதி வழியாக வளைந்து வளைந்து போகும். திடீர் அடியில் அந்த அவகாசம் இல்லாததால், ஜல்லியையே பிளந்துகொண்டு நேராகப் போக வேண்டியிருக்கிறது. அதற்குக் கூடுதல் சக்தி தேவை.

உயர் தரக் கான்கிரீட்டில் சிமெண்ட் பசையே ஜல்லியளவு கெட்டியாக இருப்பதால், மெதுவான சுமையிலும் விரிசல் பெரும்பாலும் ஜல்லியைப் பிளந்துதான் போகிறது. அதனால் இந்த வேகச் சலுகை அதற்குக் கொஞ்சம் குறைவு. விரிசலின் பாதையும் நேராக, வழுவழுவென்று இருக்கும், வழியில் உராய்ந்து சக்தி கரைய இடமில்லை. கியூப் டெஸ்ட் செய்யும் லேபில் நின்றவர்களுக்கு இது தெரியும்: எம் 20 கட்டி முனகிக்கொண்டே நொறுங்கும், எம் 80 கட்டி வெடிச் சத்தத்தோடு சிதறும். தரம் ஏற ஏற முதல் விரிசல் தாமதமாக வரும், ஆனால் வந்த பிறகு முடிவு சட்டென்று வந்துவிடும்.

இழை என்ன செய்கிறது

நம் ஊர்களில் மண்சுவர் எழுப்பிய காலத்தில் செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்தார்கள். மண்ணின் வலிமை அதனால் பெரிதாகக் கூடிவிடாது. சுவரில் வெடிப்பு விட்டாலும் மண் உதிராமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டில் இழை செய்வதும் அதே வேலைதான்.

இரும்பு இழை என்பது கம்பித் துணுக்கு. பொதுவாக 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன், இரு முனையிலும் கொக்கி போல மடிப்பு. தொழிற்சாலைத் தரைக்குக் கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ போடுவது வழக்கம். 60 மில்லிமீட்டர் நீளம், முக்கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள இழையில் 25 கிலோ போட்டால், ஒரு கன மீட்டருக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் எல்லாத் திசையிலும் கிடக்கும். எங்கே விரிசல் பிறந்தாலும், அதன் குறுக்கே சில துணுக்குகள் நிச்சயம் நிற்கும். கம்பி போக முடியாத மூடு கான்கிரீட்டிலும் இவை இருக்கின்றன என்பதால் பின்பக்கச் சில்லைக் கட்டுப்படுத்துவதில் இழைக்குத் தனி இடம்.

விரிசல் திறக்கும்போது இந்தத் துணுக்கு அறுந்துபோவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல வடிவமைப்பில் அது மெல்ல உருவப்படுகிறது. கொக்கி நிமிர்ந்து, கான்கிரீட்டோடு உராய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. நிமிர்வதற்கும் உராய்வதற்கும் சக்தி செலவாகிறது. விழுந்த இரும்பு கொண்டுவந்த 147 ஜூலில் கணிசமான பங்கை இந்த உருவல் விழுங்கிவிடுகிறது. முன்னே சொன்ன நிறுத்தும் தூரமும் இதனால்தான் கிடைக்கிறது.

தரமும் இழையும் கைகோக்க வேண்டிய இடம் இதுவே. கான்கிரீட் மட்டமாக இருந்தால், அதாவது தண்ணீரைக் கண்டபடி ஊற்றிய கலவையாக இருந்தால், துணுக்கைப் பிடித்து வைக்க அதற்குத் தெம்பு இருக்காது. இழை சும்மா உருவிக்கொண்டு வந்துவிடும், போட்ட காசு வீண். மறுபக்கம், எம் 70, எம் 80 என்று போய்ச் சாதாரண இழையைப் போட்டால், கான்கிரீட் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். உருவ வழியில்லாமல் இழை பட்டென்று அறும். அறுந்த இழை விழுங்கும் சக்தி மிகக் குறைவு. வழக்கமான கொக்கி இழையின் இழுவை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டனை ஒட்டி இருக்கும். உயர் தரக் கான்கிரீட்டுக்கு 2,000 அளவிலான இழை தேவைப்படுவதன் காரணம் இது. 150 நியூட்டனுக்கு மேல் தாங்கும் அதி உயர் வலிமைக் கான்கிரீட்டில் 13 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள மிக மெல்லிய எஃகு இழையைக் கன அளவில் 2 சதவீதம் போடுகிறார்கள், கன மீட்டருக்கு ஏறத்தாழ 157 கிலோ. இழை இல்லாமல் அந்தக் கான்கிரீட்டை நம்பி ஒரு பெஞ்சுகூடச் செய்ய மாட்டேன்.

சாதாரணத் தரைக்கு எம் 30 அல்லது எம் 35, அதோடு கொக்கி இழை: என் அபிப்பிராயத்தில் பணத்துக்கு அதிகப் பலன் தரும் ஜோடி இதுதான். இழை இல்லாத எம் 50-ஐவிட இழை போட்ட எம் 30 கிரஷர் முற்றத்தில் நீடித்து உழைக்கும். தேய்மானமும் சேர்ந்து வரும் இடமென்றால் மேற்பரப்புக்கு மட்டும் தனிக் கெட்டிப்பு கொடுக்கலாம்.

பிளாஸ்டிக் இழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கடைகளில் பாக்கெட்டாகத் தொங்குவது அதுதான். தலைமுடி போன்ற பாலிபுரொப்பிலின் இழை, 6 அல்லது 12 மில்லிமீட்டர் நீளம், கன மீட்டருக்கு 900 கிராம் போடச் சொல்வார்கள். இதன் உண்மையான வேலை கான்கிரீட் பச்சையாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்குப் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போட்ட கான்கிரீட் மேலே சடசடவென்று காயும். உள்ளிருந்து ஊறிவரும் தண்ணீரைவிடக் காற்று குடிக்கும் தண்ணீர் அதிகமானால் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். பாலிபுரொப்பிலின் இழை அந்த வெடிப்பை நன்றாகக் குறைக்கும். வெடிப்பில்லாத மேற்பரப்பில் அடி விழுந்தால் விரிசல் தொடங்க இடம் குறைவு, அந்த வகையில் மறைமுகமாக உதவி. ஆனால் இறுகிய கான்கிரீட் பெரிய அடியைத் தாங்குவதற்கு இந்தச் சிறிய பாக்கெட்டை நம்பக் கூடாது. "இதைப் போட்டா சம்மட்டி அடி தாங்கும்" என்று விற்பவரிடம் ஏமாந்துவிடாதீர்கள். அடிக்கென்றே தடித்த பிளாஸ்டிக் இழை வேறு இருக்கிறது, 40, 50 மில்லிமீட்டர் நீளத்தில், கன மீட்டருக்குச் சில கிலோ போடுவது. கூத்தங்குழி, இடிந்தகரை, உவரி என்று கடலோரமாக வேலை செய்பவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்வேன். இரும்பு இழை உள்ளே பத்திரமாக இருந்தாலும் உப்புக் காற்றில் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருப்பவை துருப்பிடித்துக் கறை விடும்.

தேங்காய் நாரும் பனந்தும்பும் நம் பக்கம் தாராளம், அதைப் போடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அடியைத் தாங்குவதில் நார் உதவுவது உண்மைதான். சிக்கல் நாட்பட வருகிறது: சிமெண்ட்டின் காரத்தன்மை தாவர நாரைச் சிறுகச் சிறுக அரிக்கும். முறையாகப் பதப்படுத்தாத நாரை நீண்ட நாள் நிற்க வேண்டிய வேலையில் நான் போடமாட்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 544-ஆம் குழு சொல்லும் சோதனை மிக எளியது. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் விட்டமும் 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமனும் உள்ள வட்டு வார்க்க வேண்டும். அதன் நடுவில் ஓர் எஃகுக் குண்டு. குண்டின் மேல் 4.54 கிலோ சுத்தியல், 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஒவ்வோர் அடியும் சுமார் 20 ஜூல். முதல் விரிசல் எத்தனையாவது அடியில் வந்தது, வட்டு முழுவதுமாகப் பிளந்தது எத்தனையாவது அடியில் என்று இரண்டு எண்ணிக்கை எடுக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லி வருவது. வெறும் கான்கிரீட்டில் இரண்டும் ஒட்டியே வரும், தரம் உயர உயர இன்னும் நெருங்கும். இரும்பு இழை போட்டதில் முதல் விரிசலும் ஓரளவு தள்ளிப்போகும், ஆனால் முழுப் பிளவு பல மடங்கு தள்ளிப்போகும். ஒரே ஒரு வட்டை அடித்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. இந்தச் சோதனையில் எண்ணிக்கை வட்டுக்கு வட்டு வெகுவாக மாறும், குண்டுக்குக் கீழே ஜல்லி இருக்கிறதா பசை இருக்கிறதா என்பதே முடிவை மாற்றிவிடும். பல வட்டுகளின் சராசரியை எடுங்கள். பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் பிராஜெக்டுக்குக் குறைந்த செலவில் செய்யத் தக்க சோதனை இது.

வீட்டிலிருந்து வெளியே வந்தாலே கண்ணில் படும் உதாரணம் பாதாளச் சாக்கடை மூடி. லாரிச் சக்கரம் மேட்டில் ஏறி மூடிமேல் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அடிதான். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இரும்பு இழை போட்ட மூடியை உருவாக்கி, அந்த நுட்பத்தைத் தொழில்முனைவோருக்குக் கொடுத்தது. ஐ.எஸ். 12592 தரநூல் கான்கிரீட் மூடிகளை 2.5, 10, 20, 35 டன் என்று வகை பிரிக்கிறது. நடைபாதைக்கான மூடியைப் பேருந்து போகும் சாலையில் போட்டால் எந்த இழையாலும் காப்பாற்ற முடியாது.

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். அங்கே உலைக் கட்டடத்துக்கு இரட்டை உறை: உள்ளே முன்னழுத்தக் கான்கிரீட் (எஃகு வடங்களை இழுத்துக் கட்டி முன்கூட்டியே அமுக்கத்தில் வைத்தது), வெளியே இரும்புக் கம்பிக் கான்கிரீட். வெளியிலிருந்து வரும் மோதலை எதிர்கொள்வது வெளி உறையின் பொறுப்பு. அந்த அளவுக் கட்டுமானத்தில் முதல் ஆயுதம் தடிமனும் நெருக்கமான கம்பியும்தான். மோதும் பொருளின் குணமும் முக்கியம். 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஒரு ஃபான்டம் போர் விமானத்தை மணிக்கு 770 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், மூன்றரை மீட்டருக்கும் மேல் தடிமனுள்ள கான்கிரீட் கட்டியில் மோதவிட்டார்கள். விமானம் தூளாகிவிட்டது, கட்டியில் விழுந்த குழியின் ஆழம் சில சென்டிமீட்டர்தான். விமானத்தின் உடல் நசுங்கியே பெரும்பகுதிச் சக்தியைத் தின்றுவிட்டது. கிரஷரில் விழும் பாறை அப்படி நசுங்காது, முழுச் சக்தியும் தரைக்குத்தான்.

வேலையில் இறங்குபவர்களுக்குச் சில வார்த்தை. இழை போட்டோம் என்பதற்காக ரூஃப் ஸ்லாபிலோ பீமிலோ கம்பியைக் குறைக்காதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. முக்கால் ஜல்லி (20 மில்லிமீட்டர்) போட்டால் 50, 60 மில்லிமீட்டர் இழை வேண்டும், 30 மில்லிமீட்டர் இழை என்றால் ஜல்லியை 12 மில்லிமீட்டராகக் குறையுங்கள். இழையை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும், அதனால் மிக்ஸர் ஓடும்போதே தூவிப் போட வேண்டும். இழை விழுந்ததும் கலவை இறுகினாற்போலத் தெரியும். அப்போது மேஸ்திரி தண்ணீர் பைப்பை எடுக்கப் போவார், தடுங்கள். இளக்கம் வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனமான சூப்பர்பிளாஸ்டிசைசர்தான் வழி. கலவையை அதிரவைத்து இறுக்கும் நீடில் வைப்ரேட்டரை ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்தால் இரும்பு இழை கீழே இறங்கி, அடி வாங்கப்போகும் மேற்பகுதி வெறுமையாகிவிடும். மட்டம் தட்டியபின் மேலே குத்திட்டு நிற்கும் துணுக்குகளைக் கவனமாக அமுக்கிவிடுங்கள். வெறுங்காலோடு ஆட்கள் நடமாடும் இடமென்றால், இறுகிய பிறகும் ஒருமுறை குனிந்து பார்த்து, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட வேண்டும். அதன்பின் ஈரச் சாக்கை விரித்து, காற்றுக்குப் பறக்காதபடி ஓரத்தில் கல் வைத்து, குறைந்தது ஏழு நாளாவது காயவிடாமல் தண்ணீர் விடுங்கள்.